மலைப் பக்கம் தலை வைக்காதே

மழை தொடங்கினால் நான் செய்கிற முதல் காரியம் பால்கனிக்குப் போய்க் கீழே பார்ப்பது. ஐரோலியில் இப்போது நாங்கள் இருக்கிற கட்டடத்தில் எங்களுக்குப் பத்தாவது மாடி. கீழே பிள்ளைகள் விளையாடுகிற இடத்தைச் சுற்றி மஞ்சள் பூ பூக்கிற ஒரு படர்கொடியை ஜமுக்காளம் விரித்த மாதிரி வளர்த்து வைத்திருக்கிறார்கள். சமதரை. பின்னால் மலையும் இல்லை, மேடும் இல்லை. கொடிக்கு அடியில் ஒரு முழம் மண், அதற்கும் அடியில் கார்கள் நிற்கின்றன. ஆனாலும் அந்தப் பச்சையில் எங்கேயாவது ஒரு கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் எனக்கு அடுத்த வேலை ஓடாது. "கோடு இருக்கா?" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் கேட்பார். கிண்டல்தான். ஆனால் நான் இல்லை என்று சொல்லும்வரை அவரும் டீவி சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருப்பார்.

இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தவள் பம்பாய்ச் செம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சந்துக்காரர்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அவ்வளவுதான். எல்லாருக்கும் அவள் டர்போக் அக்கா. இந்தியில் பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகள்கூட முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடும். அவளும் "என்னய்யா" என்று திரும்பிப் பார்ப்பாள்.

எங்கள் வரிசை வீடுகள் ஒரு சரிவின் காலடியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றன. கீழே செங்கல், மேலே பத்ரா என்கிற தகரம், தகரம் பறக்காமலிருக்க அதன் மேல் கல். பின்னால் இருந்ததை நாங்கள் மலை என்போம். வள்ளியூர்ப் பக்கம் பிறந்த எனக்கு அதை மலை என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. எங்கள் ஊரில் அதற்கு மேடு என்றுதான் பெயர். ஆனால் வீட்டுக்குள் நின்று பின்சுவரில் கை வைத்தால் சில்லென்று ஈரம் ஏறும். சுவருக்கு அந்தப் பக்கம் வீடு இல்லை, தெரு இல்லை, மண் மட்டும்தான் என்று கைக்குத் தெரிந்துவிடும். வருஷாவருஷம் மழைக்கு முன்னால் ஒரு நோட்டீஸ் ஒட்டப்படும்: அபாயகரமான இடம், காலி செய்யவும். அதன் மேலேயே யாராவது ட்யூஷன் விளம்பரம் ஒட்டிவிடுவார்கள். காலி செய்து எங்கே போவது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

கல்யாணமாகி நான் அங்கே வந்து இறங்கிய அன்று அக்கா டீ கொண்டு வந்தாள். டம்ளர் கையில் நடுங்கிப் பாதி டீ தட்டில் கிடந்தது. புது இடம், புது மனுஷர்கள். எனக்குத்தான் நடுங்க வேண்டும். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. படுக்கும்போது மலைப் பக்கம் தலை வைக்காத."

"ஏன்க்கா?"

"காலை வச்சுக்க. காலு போனாலும் தலை மிஞ்சும்லா."

வந்த வீட்டில் விளக்கேற்று என்பார்கள், வலது காலை எடுத்து வை என்பார்கள். எனக்குக் கிடைத்த முதல் புத்திமதி இது. உள்ளுக்குள் அவளைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் அன்றைக்குப் பாயை விரித்தபோது தலையணையை வாசல் பக்கம்தான் போட்டேன். அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க அந்தத் தலையணை இடம் மாறவில்லை.

அவளுக்கு எதைக் கண்டுதான் பயமில்லை என்று கேட்டால் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கும். கேஸ் சிலிண்டரை மாற்றியதும் முகர்ந்து பார்ப்பாள், சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பாள், பிறகு என்னைக் கூப்பிட்டு முகரச் சொல்வாள். ஒருமுறை எனக்கு ஜலதோஷம். வாசனை தெரியவில்லை என்று சொன்னதற்காக அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. தாராவியில் அவள் தங்கச்சி வீட்டுக்கு ரயிலில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அவள் பஸ்ஸில் உருண்டு உருண்டுதான் போவாள். ரயிலில் ஏறுவதற்குள் ரயில் கிளம்பிவிடும் என்று பயம். மகள் காலேஜிலிருந்து வரப் பிந்தினால் சந்து முனையில் போய் நிற்பாள். மகள் தூரத்தில் தெரிந்ததும் ஓடி வீட்டுக்குள் வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி அரிசி புடைப்பாள். மகளுக்கு அம்மா காத்து நின்றது தெரியக்கூடாது. தெரிந்தால் சண்டை வரும், அந்தச் சண்டைக்கும் பயம்.

அவள் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டினார். சத்தமான மனுஷர், மனசு வெள்ளை. "இவளப் பெத்தப்ப இடி இடிச்சிருக்கும் தங்கச்சி, அதுல பயந்தவதான்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் கூடச் சிரிப்பாள். சிரிக்கும்போதும் கை நடுங்கும்.

அந்த நடுங்குகிற கையோடுதான் அவள் மலைக்குப் போர்வை நெய்தாள். போர்வை என்பது அவள் சொன்ன வார்த்தை.

ரோட்டு நடுவில் தடுப்புக்குள் வளர்க்கிற கொடிதான் அது. ஊரில் பார்த்த மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும். தோட்டக்காரர்கள் அதைக் கத்தரித்துக் குவித்துப் போடுகிற நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு பிக் ஷாப்பர் பையோடு போய் அள்ளி வருவாள். போவதற்கும் பயம்தான். ரோட்டைக் கடக்க வேண்டுமே. அதற்கு என்னைத் துணைக்குக் கூப்பிடுவாள். என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் விரல் பதிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பால் பாக்கெட்டுகள் வெளியே வரும். கழுவிக் காயவைத்து அடியில் ஓட்டை போட்டவை. அவர் டெம்போவில் கொண்டு வருகிற மிச்ச மணல், இளநீர்க் கடையில் வாங்கிய மட்டையைக் கல்லில் அடித்து உதிர்த்த நார், கொஞ்சம் காய்ந்த சாணம். கொடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுவாள். "கணு நாலு இருக்கணும்ட்டி. அடிக் கணு ரெண்டுல இலையைக் கிள்ளிரு. கணு மண்ணுக்குள்ள போனா வேரு, வெறுந்தண்டு போனா அழுகல்." இதைச் சொல்லிக்கொண்டே வெட்டுவாள். கத்தரிக்கோல் நடுங்கும், இலை நடுங்கும். ஆனாலும் கணு தவறாது.

நீளமாக ஓடுகிற கொடியை வெட்டாமலே வேர் பிடிக்க வைக்க இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொடும்படி அழுத்தி வைக்க வேண்டும். அதற்கு அவள் கொண்டை ஊசியைப் பயன்படுத்தினாள். கொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, கொடியின் மேல் கவட்டை போல வைத்து மண்ணில் குத்துவாள். வேலை முடியும்போது தலை அவிழ்ந்து முதுகில் கிடக்கும், ஊசியெல்லாம் கொடி ஓடுகிற ஐஸ்கிரீம் டப்பா மண்ணுக்குள் இருக்கும். "அம்மா, தலைய வாரு, பேய் மாதிரி இருக்க" என்று மகள் கத்துவாள். பேய் என்ற வார்த்தைக்கே அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி நிழலில் வைத்தால் கொஞ்ச நாளில் வேர் விடும். விட்டதா என்று தோண்டிப் பார்க்க மாட்டாள். இரண்டு விரலால் நுனியைப் பிடித்து லேசாக இழுப்பாள். கையோடு வந்தால் வேர் இல்லை. "எதுத்து இழுத்தா புடிச்சிட்டுன்னு அர்த்தம்." அப்படி எதிர்த்து இழுக்கிற கொடியைக் கண்டால் மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளியும். கட்டிலுக்கு அடியில், அலமாரி மேல், ஜன்னல் கம்பியில், மகளின் புஸ்தகங்களுக்கு நடுவில் என்று வீடு முழுக்கப் பால் பாக்கெட்டுகள். அந்த வீட்டில் கால் வைக்க இடம் தேடித்தான் நடக்க வேண்டும்.

வெயில் உச்சத்தில், மழைக்கு முன்னால், அவற்றைச் சரிவில் நடுவாள். வரிசையின் முனையில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, அங்கிருந்து ஏறுவாள். மலைக்குக் கொண்டை ஊசி பத்தாது. உடைந்த குடைகளைச் சேர்த்து, அதன் கம்பிகளை வளைத்து வைத்திருப்பாள். பம்பாயில் உடைந்த குடைக்கா பஞ்சம்? பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் சுமந்து ஏறி ஒவ்வொன்றுக்கும் ஊற்றுவாள். மேலே நிற்கும்போது ஒரு கையால் எப்போதும் ஏதாவது கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பாள். உயரமும் அவளுக்குப் பயம்.

நான் வாய்க்காரி. ஒருநாள் கேட்டே விட்டேன். "அக்கா, இந்தக் கொடியா மலையைப் பிடிச்சு நிறுத்தும்?"

"நிறுத்தாது."

"பிறகு எதுக்கு இந்தப் பாடு?"

"மேல்மண்ணு கரையாம பாத்துக்கிடும். அடியில உள்ளதுக்கு நான் என்ன செய்ய?" ஒரு குடைக்கம்பியை மண்ணில் அழுத்திவிட்டுச் சொன்னாள்: "போர்வை கிழிஞ்சா தெரியும்லா. குறுக்க ஒரு கோடு விழுந்தா, அடியில மண்ணு நகண்டுட்டுன்னு அர்த்தம். வெறும் மண்ணுல அது தெரியாதுட்டி. பச்சையில தெரியும்."

அதுவரை அது அவளுடைய பயம். அன்றிலிருந்து எனக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது. சந்துக்கு எதிர்ப்பக்கம் துணி காயப்போடும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளிப்பை மாட்டுவேன்.

கோடு விழத்தான் செய்தது. முதல் தடவை, மழை தொடங்கிய புதிதில். அக்கா நடுக்கத்தில் நாக்குக் குழற வீடு வீடாக ஓடினாள். "வெளிய வாங்க, கிழிஞ்சிட்டு, வெளிய வாங்க." வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள், பிள்ளைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் மழையில் வந்து நின்றோம். தைரியசாலிகள் இரண்டு பேர் மேலே ஏறிப் பார்த்தார்கள். மூன்றாவது வீட்டுப் பாய் பெருநாளுக்கு வாங்கிக் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்து, அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டே சரிவின் குறுக்கே ஓடியிருந்தது. கயிறு போன வழியெல்லாம் கொடி பிய்ந்து கிடந்தது. ஆடு மேலே ஒரு கல்லில் நின்று எங்களைப் பார்த்தது.

அதற்குப் பிறகு பல நாள் சந்தில் அதுதான் பேச்சு. பீடாக் கடைக்காரன் அவளைக் கண்டாலே "க்யா அக்கா, ஆஜ் பஹாட் கிரேகா?" என்பான், இன்றைக்கு மலை விழுமா என்று. யாராவது ஆடு மாதிரிக் கத்துவார்கள். மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் காலேஜுக்கு நடந்து போக வேண்டும். இரண்டாவது தடவையும் அவள் ஓடினாள். அது மழைத்தண்ணீர் தானாக வெட்டிக்கொண்ட சின்ன வாய்க்கால். அப்போது பாதிப் பேர்தான் வெளியே வந்தார்கள். மகள் வரவில்லை. "இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா நான் ஹாஸ்டலுக்குப் போயிருவேன்" என்று உள்ளேயிருந்து கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது.

அப்படி என்ன பயம் இந்த மனுஷிக்கு என்று எனக்கு எரிச்சல் வந்த காலம் உண்டு. என் வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஒரு நாள் காரணம் தெரிந்தது.

நான் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து குடைக்கம்பிகளை வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மோரியில், அதாவது வீட்டுக்குள்ளேயே குளிக்கக் கழுவக் கட்டிய இடத்தில், மகள் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தாள். அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல தகரக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். அந்த வரிசையில் முதன்முதலாக மோரி கட்டியது அவர்கள்தானாம்.

"முன்னல்லாம் பின்சந்துலதான் குளிப்பு. சேலையைக் கட்டி மறைச்சுக்கிட்டு. மேல பாதையில ஒருத்தன் வந்து நிப்பான். சும்மா போன்ல பேசுத மாதிரி. எனக்குக் கையும் காலும் வெடவெடன்னு வரும். பொம்பளப் புள்ள வளருதுல்லா. அவியகிட்ட அழுதேன். வீட்டுக்குள்ள இடமில்ல. எங்க கட்ட? பொறத்தால மலையைக் கொஞ்சம் வெட்டுங்கன்னு நாந்தான் சொன்னேன்."

"நீங்களா?"

"நாந்தான். ரெண்டு அடி. அவிய கடப்பாறையால வெட்டும்போது நான் தட்டுல மண்ணு சுமந்தேன். எங்களப் பாத்து அடுத்த வீடு வெட்டுச்சு. அடுத்து பாய் வீடு. உங்க வீட்டுல முன்னால இருந்தவியளும் வெட்டுனாவ. எல்லாரு வீட்டுலயும் பொம்பளப் புள்ள இருக்குல்லா. யாரைக் குத்தம் சொல்ல?" குடைக்கம்பியை என் கையிலிருந்து வாங்கினாள். "மலைக்குக் காலை வெட்டுனது நாந்தான்ட்டி. அடுத்த மழைக்கே அந்தச் சுவருல தண்ணி கசிஞ்சுது. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல."

உள்ளே மகள் பாட்டை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் பயமில்லாமல் குளிக்க வேண்டும் என்று ஒரு பயத்தில் செய்த காரியம். அதனால் வேறொரு பயம் வந்து வீட்டின் முதுகில் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. அதைவிட மோசமாக, எங்கள் வீட்டு மோரிச் சுவரை அதன் பிறகு என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. தண்ணீரை அவசரமாக ஊற்றிக்கொண்டு வெளியே ஓடி வந்துவிடுவேன்.

என் மகன் குப்புற விழப் பழகிய மழைக்காலம் அது. விடாமல் பெய்தது. ரயில் நிற்கிறது, ஓடுகிறது என்று போனில் மாறி மாறிச் செய்தி வந்தது. வீட்டுக்காரர் எப்படியோ ஐரோலி கம்பெனிக்குப் போய்விட்டார். அக்கா வீட்டுக்காரர் டெம்போவோடு வாஷி மார்க்கெட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். நான் பிள்ளைக்கு ராகிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா வாசலில் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொண்டை இறுக்கமாக, ஊசியெல்லாம் குத்தியபடி இருந்தது.

"ஏட்டி, புள்ளையத் தூக்கு. வெளிய வா."

சொன்னது அவ்வளவுதான். நாக்குக் குழறவில்லை. கதவு நிலையில் வைத்திருந்த கையைப் பார்த்தேன். அது நடுங்கவில்லை. எனக்குத் தெரிந்து அந்தக் கை நடுங்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கோடு விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. அந்த அசையாத கை போதும். கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே போட்டேன், பிள்ளையை வாரி இடுப்பில் வைத்தேன், ஒரு குடையை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் வெளியே வந்தேன்.

சந்தைத் தாண்டி எதிரே தண்ணீர்க் குழாய் இருக்கிற மேடையில் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து தகரக் கூரைகளுக்கு மேலே மலை தெரியும். பச்சைப் போர்வை. அதன் குறுக்கே, ஆட்டுக் கயிறு போட்ட கோடு மாதிரி இல்லாமல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பழுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது.

அக்கா வீடு வீடாகப் போனாள். சத்தம் போடாமல் ஒவ்வொரு வாசலிலும் நின்று அதே வார்த்தைகளைச் சொன்னாள். "சரிக்கா, வாரோம்" என்றார்கள். யாரும் வரவில்லை. ஒரு வீட்டிலிருந்து யாரோ ஆடு மாதிரிக் கத்துகிற சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பு. நான் மேடையில் நின்று "வாங்க, கோடு தெரியுது, வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தத்தில் என் குரல் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு எட்டியிருக்காது.

அக்கா கடைசியாகத் தன் வீட்டுக்குள் போனாள். மகள் மோரியில் இருந்தாள்.

உள்ளே நடந்தது எனக்குக் காதில் விழுந்ததுதான். "வெளிய வா." "தலைக்கு சாபுன் போட்டிருக்கேன்மா." "அப்படியே வா." "பாகலா நீ, பைத்தியமா? போம்மா." பிறகு தகரத்தில் ஏதோ மோதுகிற சத்தம். மறுபடி மோதுகிற சத்தம். ரோட்டைக் கடக்க என் கையைப் பிடிக்கிறவள் அந்தத் தாழ்ப்பாளை உடைத்தாள். மகள் வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிர்த்து இழுத்தாள். அக்கா விடவில்லை. மாரோடு கட்டிய ஈரப் பாவாடையும் கண்ணில் வழிகிற சோப்பு நுரையுமாக, காலேஜுக்குப் போகிற பெண்ணை, பட்டப்பகலில் சந்தின் நடுவில் கொண்டு வந்து நிறுத்தினாள்.

மகள் அலறினாள். அந்த அலறல் மழையைத் தாண்டிக் கேட்டது. அம்மாவைத் தள்ளினாள், அடித்தாள், "நான் செத்துப் போறேன், என்னை விடு, எல்லாரும் பாக்காங்க" என்று கத்தினாள். அவ்வளவுதான். கூப்பிட்டபோது வராதவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். முதல் வீடு, பாய் வீடு, கடைசி வீடு என்று ஒவ்வொரு கதவும் திறந்தது. பிள்ளைகள் ஓடி வந்தன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு வந்தவர்கள், படுத்திருந்து எழுந்து வந்தவர்கள். தாயும் மகளும் என்ன சண்டை என்று பார்க்க மொத்த வரிசையும் எங்கள் மேடைப் பக்கம் வந்து நின்றது.

எனக்குக் கோபமான கோபம். என்ன மலை விழுந்தாலும் ஒரு சேலையைச் சுற்றியாவது கூட்டி வரக்கூடாதா? கீழே இறங்கி ஓடிப்போய்க் குடையை விரித்து அந்தப் பெண்ணுக்கு முன்னால் மறைத்துப் பிடித்தேன். அக்கா என் கையைப் பிடித்துக் குடையை ஒதுக்கினாள்.

"மறைக்காத. பாக்கட்டும்."

"அக்கா!"

"பாக்கட்டும்ட்டி. எல்லாரும் வந்து நல்லாப் பாக்கட்டும். எம்மவ உசிரோட நிக்கா."

கூட்டத்தை ஒருமுறை கண்ணால் அளந்தாள். யார் வீட்டுக் கதவு இன்னும் மூடியிருக்கிறது என்று பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவள் மகளை ஊருக்கு முன்னால் நிறுத்தியது ஊரை வெளியே இழுக்கத்தானா, அல்லது அவளுக்கு வேறு ஒன்றும் கண்ணில் படவில்லையா என்று நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. இரண்டில் எது என்றாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

மலை பெரிய சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன். முதலில் தகரம் நெளிகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு கோட்டுக்குக் கீழே இருந்த போர்வை அப்படியே, பூவும் இலையுமாக, நகர்ந்து வந்தது. அதன் பின்னால் சிவப்பாக மண் வந்தது. வரிசையின் பின்சுவர்கள் எல்லாம் உள்ளே விழுந்தன. எங்கள் மோரி, பாய் வீட்டு மோரி, அக்கா வீட்டு மோரி எல்லாம் ஒரே மண்ணாகிவிட்டன. அவர்கள் வீட்டுத் தகரக் கதவு மட்டும் கொஞ்ச நேரம் மண்ணுக்கு மேலே தெரிந்தது. பிறகு அதுவும் சாய்ந்தது.

ஒருத்தரும் சாகவில்லை. ஆடு மாதிரிக் கத்தியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா அப்போதுதான் என் குடையை வாங்கி மகளின் தலைக்கு மேலே பிடித்தாள். மகள் நகர்ந்துகொண்டாள்.

எங்களையெல்லாம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டு போய் வைத்தார்கள். வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். யாரோ டீயும் வடா பாவும் கொண்டு வந்து கொடுத்தார்கள். என் பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டான். யாருடைய போனையோ வாங்கி வீட்டுக்காரரிடம் பேச முயன்றேன். பல் அடித்துக்கொண்டதில் வார்த்தை வரவில்லை. நாங்கள் பிழைத்துவிட்டோம் என்று புத்திக்குத் தெரிந்தது. உடம்பு இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்காவின் மகள் யாரோ கொடுத்த பெரிய நைட்டியை மாட்டிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அம்மாவோடு பேசவில்லை. தலைமுடியில் சோப்பு அப்படியே காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

அக்கா பின்னால் போய் உட்கார்ந்தாள். ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, துணியை நனைத்து, அந்த முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். மகள் தலையை இழுத்துக்கொண்டாள். அக்கா காத்திருந்தாள். மறுபடி துடைத்தாள். மகள் இந்தத் தடவை இழுக்கவில்லை, திரும்பவும் இல்லை. துடைத்து முடித்ததும் முடியைச் சுருட்டிக் கொண்டையாகப் பிடித்துக்கொண்டு, தன் தலையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். அவள் தலை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. முதல் ஊசியை மகளின் கொண்டையில் வைக்கப் போனாள். வைக்க முடியவில்லை. ஊசி அங்கும் இங்கும் ஆடியது.

அவள் கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து, அந்த நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.